அயிரை மீனும் ஓடை மணலும்

கொஸ்லந்தப் பகுதியில் நெல்லும் மரக்கறியும் பயிரிடும் கமக்காரர், தம் காணியோரமாகச் செல்லும் ஓடையைப் பெரும்பாலும் இரண்டு காரியங்களுக்காகவே நினைப்பர். மழையில்லாத நாளில் அதிலிருந்து நீர் பாய்ச்சலாம்; மழை மிகுந்த நாளில் காணியின் நீரை அதனுள் வடித்து விடலாம். அந்த ஓடையின் அடிமணலில் வாழும் உயிர்களைப் பற்றி எண்ணுவோர் மிகச் சிலரே. அவ்வுயிர்களுள் ஒன்றாகிய அயிரை மீனைப் பற்றி இத்துண்டுப்பிரசுரம் கூறுகின்றது. விரல் நீளமேயுள்ள மீனுக்கும் விவசாயத்துக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவலாம். காணியிலிருந்து கழுவுண்ட மண்ணும், தெளித்த மருந்தின் மிச்சமும் முதலிற் சென்று தங்குவது இம்மீன் குடியிருக்கும் மணலிலேயாம். காணியின் நட்டத்தை அதன் சொந்தக்காரர் உணர்வதற்கு முன்னரே இம்மீன் உணர்ந்து விடுகின்றது.

பெயரும் உருவமும்

அயிர் என்பது நுண்மணலைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். அயிரை என்னும் பெயரும் அம்மணலிலே வாழும் மீனுக்கு நன்கு பொருந்தி நிற்கின்றது. அசரை என்று வழங்குவோரும் உளர். சிங்களத்தில் இதனை அஹிராவா என்பர். இது புதிதாக அறியப்பட்ட மீனன்று. குறுந்தொகையின் 128ஆம் பாட்டில், முதுமையால் சிறகு தளர்ந்த நாரையொன்று தொலைவிலுள்ள தொண்டித் துறையின் அயிரைக்கு ஆசைப்பட்டுத் தலையெடுத்துப் பார்ப்பதாகக் கூறப்பட்டுள்ளது. நாரை அன்று விரும்பியதை மனிதரும் இன்றுவரை விரும்புகின்றனர். மதுரைப் பக்கத்தில் அயிரைக் குழம்புக்குத் தனிப்பெயர் உண்டு. உயிருடன் வாங்கிய மீன்களைப் பாலிலோ தேங்காய்ப்பாலிலோ சிறிது நேரம் விட்டு, அவை தம் வயிற்றிலுள்ள மண்ணைக் கக்கிய பின்னரே அங்குள்ளோர் குழம்பு வைப்பர். மண்ணை உண்ணும் மீன் என்பதை அறிவியலார் எழுதுவதற்கு முன்பே சமையற்கட்டில் அறிந்திருந்தனர் போலும்.

அறிவியலார் இதற்கு இட்ட பெயர் லெப்பிடோசெபாலிக்திஸ் தெர்மாலிஸ் என்பதாகும். இப்பெயரின் பிற்பாதி நம் நாட்டோடு தொடர்புடையது. 1846ஆம் ஆண்டில் வலன்சியன் என்னும் பிரெஞ்சு அறிஞர் இம்மீனை முதன்முதலாக விவரித்தபோது, அவருக்குக் கிடைத்த மீன்கள் திருகோணமலையை அடுத்த கன்னியா வெந்நீர் ஊற்றிலிருந்து எடுக்கப்பட்டவையாம். ஆகவே வெம்மைக்குரியது என்ற பொருளில் தெர்மாலிஸ் என்று பெயரிட்டார். பெயர் இவ்வாறாயினும் இம்மீனுக்கு வெந்நீர் வேண்டுவதில்லை. இலங்கையின் ஈர வலயத்திலும் உலர் வலயத்திலும், தென்னிந்தியாவிலும், மெதுவாக ஓடும் ஆறுகள், ஓடைகள், வயல் வாய்க்கால்கள் முதலியவற்றில் இது பரவலாக வாழ்கின்றது.

வளர்ந்த அயிரையின் நீளம் ஏறக்குறைய 6 சென்ரிமீற்றர், அதாவது இரண்டரை அங்குலம் இருக்கும். உடல் நீண்டு ஒடுங்கியது. நிறம் மணலின் மஞ்சளே. அதன்மேல் கரும்புள்ளிகள் வரிசையாக இடப்பட்டிருக்கும். அசையாது கிடக்கும்போது மணலுக்கும் மீனுக்கும் வேற்றுமை காண்பது அரிது. வாய் சிறியது, கீழ்நோக்கி அமைந்தது. வாயைச் சுற்றியுள்ள மெல்லிய மீசைகளால் இருளிலும் கலங்கல் நீரிலும் தடவிப் பார்த்து இரையை அறிகின்றது. கண்ணின் கீழே இரு கூராகப் பிளந்த முள்ளொன்று உண்டு. பேனாக்கத்தியின் அலகுபோல் மடிந்து கிடக்கும் அம்முள்ளை ஆபத்து வந்தபோது மீன் நிமிர்த்திக் கொள்ளும். பிடித்த கையில் சிறிது குத்தும், அதனால் பெருந்தீங்கில்லை. ஆண்மீனை அறிய விரும்புவோர் அதன் மார்புச் செட்டையைப் பார்க்க. அங்கு ஏழாவது எட்டாவது கதிர்கள் ஒன்றாய் இணைந்து தடித்திருக்கும், பெண்மீனுக்கு அவ்வாறில்லை.

கற்பாங்கான மலையோடைகளில் இதற்கு உறவான வேறொரு மீனும் நம் நாட்டில் உண்டு. மலை அயிரை என்று அதனைக் கூறலாம். அறிவியற் பெயர் ஷிஸ்டுரா நோட்டோஸ்டிக்மா. வெளிறிய உடலில் கரிய பட்டைகள் கொண்ட இவ்வினம் இலங்கையிலன்றி உலகில் வேறெங்கும் இல்லை. விரைந்தோடும் தெளிந்த நீரில் கற்களை ஒட்டி வாழும் இது, மணலுள் புதையும் பழக்கமுடையதன்று. இத்துண்டுப்பிரசுரம் பெரும்பாலும் மணல் அயிரையைப் பற்றியதே ஆயினும், சேற்றினால் வரும் கேடு இவ்விரண்டுக்கும் பொதுவாம்.

மணலில் வாழும் முறை

பகலில் அயிரையைக் காண்பது அரிது. அது மணலுள் தலை மட்டும் தெரியவோ, தலையும் தெரியாமலோ புதைந்து கிடக்கும். மாலை மயங்கிய பின் வெளிவந்து இரை தேடும். அதன் உண்ணும் முறை சுளகில் அரிசி கொழிப்பதை ஒத்தது. ஒரு வாய் மணலை உள்ளிழுத்து, அதிலுள்ள பாசி, மக்கிய இலைத்துகள், நுண்ணிய புழு, நீர்ப்பூச்சிகளின் குடம்பிகள் ஆகியவற்றைப் பிரித்துக்கொண்டு, வெறும் மணலைச் செவுள் வழியாக வெளியே தள்ளிவிடும். இதனை இடையறாது செய்துகொண்டே ஓடையடியில் ஊர்ந்து செல்லும். மேல்மணல் இவ்வாறு ஓயாமற் கிளறப்படுகின்றது. இலைத்துகளும் ஓரிடத்தில் மண்டாது கலைகின்றது.

இவ்வகை உணவு முறைக்கு மணலின் பருமன் மிக முக்கியமாகும். பருக்கைக் கல் வாய்க்குள் நுழையாது. களிமண்ணோ செவுளில் அப்பிக்கொள்ளும். இரண்டுக்கும் இடைப்பட்ட நுண்மணலே இதற்கு வீடும் வயலுமாம். மணலின் பருக்கைகளுக்கிடையில் நீர் புகுந்து புறப்படுதலால் அங்கே பிராணவாயு நிலைத்திருக்கும். ஆகவே புதைந்த மீன் மூச்சடைத்துப் போவதில்லை. புழுக்களும் குடம்பிகளும் அவ்விடைவெளிகளிலேயே வாழ்கின்றன.

மழைக்காலம் தொடங்கி நீர் பெருகும்போது அயிரை இனம் பெருக்கும். அப்போது ஓடையை விட்டு ஆழங்குறைந்த வாய்க்காலிலும் வெள்ளம் பரந்த வயலிலும் ஏறி வரும். பெரும்போகத்துக்கு வயல் உழும் நாட்களில் சேற்றில் துள்ளும் சிறு மீன்களிடையே இதனைக் கண்ட கமக்காரர் பலராவர். அவ்வயல் நீரிலே அயிரை தின்னும் சிறு பூச்சிக் குடம்பிகளுக்குக் குறைவில்லை.

குடலால் மூச்சு விடுதல்

இம்மீனின் இயல்புகளுள் வியக்கத்தக்கது இதுவாகும். கோடையில் நீர் வற்றிக் குட்டையாய்த் தேங்கும்போது அதிலுள்ள பிராணவாயு குறையும். செவுளை மட்டும் நம்பிய மீன்கள் அந்நிலையில் மடியும். அயிரையோ நீர்ப்பரப்புக்கு விரைந்து வந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கி அடிக்குத் திரும்பும். விழுங்கிய காற்று குடலின் பிற்பகுதியை அடையும். அங்கே மெல்லிய தோலின்கீழ் நெருங்கிய இரத்தக் குழாய்கள் அதிலுள்ள பிராணவாயுவை உறிஞ்சிக்கொள்ள, எஞ்சிய காற்று பின்புறத் துவாரத்தினூடு குமிழியாக வெளிப்படும். உணவு செல்லும் வழியே மூச்சுக்கும் வழியாவது விலங்குலகில் அருமையான அமைப்பு.

இதே குடும்பத்தைச் சேர்ந்த மீனொன்றை ஐரோப்பாவில் வானிலை மீன் என்று அழைப்பர். இடிமழைக்கு முன் காற்றின் அழுத்தம் குறையும்போது அது அமைதியிழந்து மேலும் கீழுமாகப் பாயுமாதலால், முற்காலத்தில் அங்குள்ளோர் அதனைக் கண்ணாடிச் சாடியில் வளர்த்து மழைக்குறி பார்த்தனர். நம் ஊரில் தட்டானையும் எறும்பையும் பார்த்து மழை கூறுவது போன்றதே அது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை நீக்குதல் வேண்டும். காற்றை விழுங்கிப் பிழைக்கும் மீனாதலால் எத்தகைய நீரிலும் அயிரை வாழும் என்று கருதுவது பிழையாம். பிராணவாயுக் குறைவை அது தாங்கும், நஞ்சைத் தாங்காது. சேறு மூடிய மணலிலும் அதற்கு வாழ்வில்லை. அன்றியும், அயிரை இருக்கக் கண்டு அந்நீர் குடிக்கத் தக்கதென்றும் கொள்ளலாகாது. மனிதருக்கு நோய் தரும் கிருமிகள் மீனை வருத்துவதில்லை. பீலி நீரானாலும் ஓடை நீரானாலும் கொதிக்கவைத்தே பருகுக.

ஐரோப்பாவில் நேர்ந்தது

அயிரைக்கு நெருங்கிய உறவான சிறு மீனொன்று ஐரோப்பாவில் பரந்து வாழ்கின்றது. கோபைட்டிஸ் டீனியா என்பது அதன் பெயர். நம் அயிரையை முதலில் விவரித்தவரும் அதனைக் கோபைட்டிஸ் என்ற அச்சாதியிலேயே சேர்த்திருந்தார். கண்ணின்கீழ் அதே இருகூர் முள், அதே மணற்புதைவு, அதே இரவு வாழ்க்கை. நீளத்தில் மட்டும் சிறிது பெரிது. நுண்மணலைத் தெரிந்தெடுத்து வாழும் இது, அடர்ந்த நீர்ச்செடிகளிடையே முட்டையிடுகின்றது. இங்கிலாந்தில் டிரெண்ட், பெரிய ஊஸ் முதலிய கிழக்குப் பகுதி ஆறுகளில் இதனைக் காணலாம்.

அங்குள்ளோர் நீர் விரைந்து வடிதற்பொருட்டு ஆறுகளை நேராக வெட்டினர், அடியை வாரித் தூர் அகற்றினர், நீர்ச்செடிகளைக் களைந்தனர். பயிர்ச்செய்கைக்கு அவை பயன்பட்டன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் மணலும் செடியும் போன இடத்தில் இம்மீனும் போயிற்று. பின்னர் 1992ஆம் ஆண்டில் ஐரோப்பிய நாடுகள் இயற்கை வாழிடங்களைக் காக்கும் பொது விதியொன்றை வகுத்தபோது, வாழிடம் பேணப்பட வேண்டிய உயிர்களின் அட்டவணையில் இச்சிறு மீனையும் சேர்த்தன. சந்தையில் பெருவிலை பெறாத மீனுக்காகச் சட்டம் செய்தது வீண் வேலை என்று நமக்குத் தோன்றலாம். இழந்த மணற்படுகையை மீண்டும் உண்டாக்குவதிலும், இருப்பதைக் காப்பது செலவு குறைந்தது என்பதே அவர்கள் கண்ட கணக்கு. நம் ஓடைகளில் இன்னும் மணல் இருக்கின்றது.

மண் கரைந்தால்

கொஸ்லந்தையைச் சூழ்ந்த நிலம் செங்குத்தான சரிவு. மேலே தேயிலை, சரிவிலும் பள்ளத்திலும் போஞ்சி, கோவா, தக்காளி, கறிமிளகாய் முதலிய மரக்கறிகள், நீர் தங்கும் தாழ்நிலத்தில் நெல். இச்சரிவுகளின் நீர் ஓடைகளாய்க் கூடிக் கீழிறங்குகின்றது. பூனாகலை ஓயா 220 மீற்றர் உயரமுள்ள தியலும நீர்வீழ்ச்சியாக வீழ்ந்து கிரிந்தி ஓயாவைச் சேர்கின்றது. கிரிந்தி ஓயா வெல்லவாயவைக் கடந்து லுணுகம்வெஹெர நீர்த்தேக்கத்தை நிரப்பி, திஸ்ஸமகாராமப் பக்கத்து வயல்களுக்குப் பாய்கின்றது. இங்கே மரக்கறிப் பாத்தியில் இழந்த மண் அங்கே வாய்க்காலில் தூராகின்றது.

மரக்கறிக்குப் பாத்தி கொத்தி நிலத்தை வெறுமையாக்கும் காலமும், ஐப்பசி கார்த்திகை மழையும் ஒன்றாக வருகின்றன. அயிரை இனம் பெருக்கும் காலமும் அதுவே. மழைத்துளி வெறுமண்ணைத் தாக்கி உடைக்கும். உடைந்த மண்ணை நீர் அள்ளிச் செல்லும். அதில் முதலிற் போவது இலகுவான மேல்மண். அதாவது உரமுள்ள மண். இட்ட பசளையும் அதனோடு போகும். ஓடையை அடைந்த செங்களி மணற்பருக்கைகளின் இடைவெளியை அடைத்து, சீமெந்து பூசியது போல் இறுக்கி விடும். அதன்பின் அயிரை புதைய இடமில்லை. புழு வாழ இடமில்லை. முட்டைகளின்மேல் சேறு படிந்து அவை மூச்சற்றுக் கெடும். கலங்கல் ஓரிரு நாளில் தெளிந்து விடலாம். அடியில் இறுகிய களியோ அடுத்த பெருவெள்ளம் வந்து கிளறும் வரையில் அங்கேயே கிடக்கும்.

ஒவ்வொரு கமக்காரரும் தம் ஓடையைத் தாமே சோதிக்கலாம். வாய் அகன்ற கண்ணாடிப் போத்தலில் ஓடையடி மணல் ஒரு பிடி இட்டு, நீர் ஊற்றிக் குலுக்கி வைக்க. நல்ல மணலாயின் விரைந்து அடியிற் படியும். மேல்நீர் சிறிது நேரத்தில் தெளியும். நெடுநேரம் சென்றும் நீர் செந்நிறமாகவே இருப்பின், மணலிற் களி ஏறிவிட்டதென அறிக. ஓடையின் மேற்புறத்தில் ஒன்றும் தம் காணிக்குக் கீழ்ப்புறத்தில் ஒன்றுமாக இரு போத்தல் எடுத்து ஒப்பிட்டால், அக்களி யார் காணியிலிருந்து வருகின்றதென்பதும் ஓரளவுக்குத் தெரிய வரும். அயலாருடன் சண்டைக்குப் போகும் முன் இச்சோதனையைச் செய்தல் நன்று.

பரிகாரம் தோட்டத்து மக்கள் அறியாததன்று. தேயிலை மலையில் சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டுவதும், கல் அடுக்குவதும், மானாப்புல் நடுவதும் எதற்காகவோ, மரக்கறிப் பாத்தியிலும் அவை அதற்காகவே வேண்டும். மேலிருந்து கீழ்நோக்கிப் பாத்தி பிடிப்பது கொத்துவதற்கு எளிது. மண்ணை இழப்பதற்கும் அதனினும் எளிய வழியில்லை. பாத்திகளைச் சரிவுக்குக் குறுக்காகச் சம உயரத்தில் அமைக்க. இடையிடையே கிளிரிசிடியாவை நெருக்கமாக நட்டு வெட்டிவரின், அதன் தழை பாத்திக்கு மூடாகவும் பசளையாகவும் பயன்படும். ஓடைக்கரையில் சில அடி அகலத்துக்குப் புல்லையும் செடியையும் வெட்டாது விடுக. அந்தச் சிறு துண்டு நிலத்தில் நான்கு வரிசை போஞ்சி போடலாமே என்று கை பரபரக்கும். அதில் பெறும் போஞ்சியிலும், அக்கரை இடிந்து போகும் நட்டம் பெரிது. 1951ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க மண் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டதும் இத்தகைய அழிவைத் தடுப்பதற்கேயாம்.

2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தவில் மலை சரிந்து லயங்களை மூடியதை இப்பகுதியில் மறந்தவரில்லை. ஒரு பாத்தியின் மண் கரைவதும் ஒரு மலை சரிவதும் வேறு வேறு காரியங்கள். ஆயினும் ஓடையைப் பார்த்துப் பழகிய கண் இரண்டுக்கும் உதவும். கடுமழை நாளில் வழக்கமாகத் தெளிந்து வரும் ஊற்று திடீரெனச் சேறாக வருதல், ஓடும் ஊற்று நின்று போதல், புதிய இடத்தில் நீர் பீறிடுதல், நிலத்தில் வெடிப்புக் காணுதல், மரங்கள் சாய்தல் ஆகியவை மண்சரிவுக்கு முன்னறிகுறிகளாகலாம். கண்டவுடன் பாதுகாப்பான இடத்துக்கு விலகி, கிராம சேவகருக்கு அறிவித்தல் வேண்டும்.

மருந்தும் மீனும்

பீடைகொல்லிகளுள் மீனுக்கு மிகுந்த கேடு செய்தவற்றில் எண்டோசல்பான் ஒன்று. மனிதருக்கும் அதனால் நேர்ந்த இழப்பை எண்ணி, 1998ஆம் ஆண்டில் இந்நாட்டில் அது தடைசெய்யப்பட்டது. அதனால் அபாயம் நீங்கிற்றென்று இருந்துவிடலாகாது. பைரித்திரோயிட் வகை மருந்துகள் மனிதருக்கும் கால்நடைக்கும் ஒப்பளவில் நஞ்சு குறைந்தவை. மீனுக்கோ மிகச் சிறு அளவிலேயே கொடியவை. செம்பு கலந்த பூஞ்சணக்கொல்லிகளும் அத்தன்மையனவே. கொப்புள நோய் 1946இல் இலங்கைத் தேயிலையைத் தாக்கியது முதல், தேயிலை மலைகளில் செம்பு மருந்து பழக்கமான பொருளாயிற்று. செடியிலிருந்து எடுத்த மருந்தாயின் தீங்கில்லை என்ற எண்ணமும் சிலரிடம் உண்டு. தெரிசு வேரிலுள்ள நஞ்சும், தேயிலை விதைத் தூளிலுள்ள நுரைப்பொருளும் மீனைக் கொல்வதற்கென்றே பயன்படுத்தப்பட்டவை என்பதை அவர்கள் அறிதல் வேண்டும்.

கேடு பெரும்பாலும் தெளிக்கும்போது வருவதில்லை. தெளித்து முடிந்தபின் வருகின்றது. வேலை முடிந்த களைப்பில் தெளிகருவியை ஓடையில் அமிழ்த்திக் கழுவுவது எங்கும் காணப்படும் வழக்கம். அவ்வொரு கழுவல் நீண்ட தூரத்துக்கு ஓடையிலுள்ள உயிர்களை அழிக்கப் போதியதாம். கருவியை ஓடைக்குத் தொலைவில், கிணறு பீலிகளுக்கும் அப்பால், வாளியில் நீர் கொண்டு கழுவுக. கழுவிய நீரை மருந்து தெளித்த பயிரின்மேலேயே தெளித்து விடுக. வெறும் போத்தல்களை ஓடையில் எறியலாகாது. மழை இருண்டு வரும் மாலையில் தெளிப்பது காசை நீரில் விடுவதேயாம். நெல் வயலில் மருந்திட்டபின் வரம்பையும் கடவையையும் அடைத்து, லேபலில் குறித்த நாட்கள் கழியும் வரை நீரை வடியவிடாது காக்க. மருந்து பயிரில் வேலை செய்வதற்கும் அத்தங்கல் வேண்டியதே. ஆகவே மீனைக் காப்பதால் கமக்காரருக்கு இதில் நட்டம் எதுவுமில்லை.

மீன் பிடிப்பதற்காக நஞ்சிடுவோரும் வெடி வைப்போரும் இன்னும் இல்லாமற் போகவில்லை. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டத்தின்படி அது குற்றமாகும். ஒரு வேளைக் கறிக்காக ஓடை முழுவதையும் வெறுமையாக்கும் அச்செயலை ஊரார் தாமே தடுத்தல் வேண்டும். குழம்புக்கு அயிரை வேண்டுவோர் கூடையாலோ சிறு வலையாலோ பிடித்தல் போதும். மழை தொடங்கிய முதல் வாரங்களில் முட்டை நிறைந்து வயிறு பருத்த பெண்மீன்களைத் திரும்ப விட்டு விடுவாராயின் பின்னும் நன்று.

பார்ப்பதும் அறிவிப்பதும்

உங்கள் ஓடையில் அயிரை உண்டா என்பதை நீங்களே பார்த்தறியலாம். மழையற்ற நாளொன்றில் மாலை மங்கும் வேளையில், நீர் மெதுவாக வளைந்து செல்லும் மணற்றிட்டின் அருகே சத்தமின்றி நிற்க. மணலில் சிறு புகைபோல் தூசு கிளம்பி அடங்குமிடத்தில் பெரும்பாலும் மீன் இருக்கும். கொசுவலைத் துண்டொன்றை மணலின் கீழ்ப்புறமாகப் பிடித்து, மேற்புறத்தில் காலால் மெதுவாகக் கிளறினால் மீன் அதில் வந்து விழும். வெள்ளைப் பீங்கான் கோப்பையில் நீருடன் இட்டுப் பார்த்துவிட்டு எடுத்த இடத்திலேயே விடுக. பள்ளிக்கூடப் பிள்ளைகள் இவ்வேலையைப் பெரியவரினும் நன்றாகச் செய்வர். ஆழமான இடத்துக்கும் பெருகிவரும் நீருக்கும் அவர்களைத் தனியே விடலாகாது. ஆண்டுக்கு இருமுறை ஒரே இடத்தில் பார்த்துக் கொப்பியில் குறித்து வருதல் நன்று. ஒரு தடவை காணாவிடில் கவலைப்பட வேண்டுவதில்லை. இரண்டு மூன்று ஆண்டு தொடர்ந்து கண்ட இடத்தில் பின்னர் காணாது போனால், மேலே என்ன மாறியது என்று தேடத் தொடங்குக.

மீன்கள் திடீரெனச் செத்து மிதப்பதைக் கண்டால் அவற்றைச் சமையலுக்கு எடுக்கலாகாது. கையாலும் தொட வேண்டாம். கண்ட நாளையும் நேரத்தையும், அன்றும் முந்திய நாளும் அயலிலே தெளிக்கப்பட்ட மருந்தின் பெயரையும் எழுதிக்கொண்டு, காலந்தாழ்த்தாது உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியருக்கு அறிவியுங்கள். அதுவரையில் அவ்வோடையில் மாட்டுக்கு நீர் காட்ட வேண்டாம்; கீழேயுள்ள லயத்தாருக்கும் வயற்காரருக்கும் ஆள் விட்டுச் சொல்லுங்கள்.